திரையில் தெரிவது மலையா, கருவியா? கண்காணிப்பு நிலையக் கோளாறுகள் அறிகுறிவாரியாக

எரிமலைச் சரிவிலும் பனிமலை முகட்டிலும் நிலப்பிளவின் ஓரத்திலும் குழி தோண்டி இறக்கி வைத்த கருவி, யாருடைய துணையும் இல்லாமல் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியது. மழைநீர் கேபிள் வழியே இறங்கும். எலி கடிக்கும். சாம்பல் மூடும். பனி அழுத்தும். எனவே அது கெடுவதில் வியப்பில்லை. கெட்டுப்போன கருவியின் பதிவும் விழித்துக்கொண்ட மலையின் பதிவும் பல நேரங்களில் ஒன்றுபோலவே தோன்றும் என்பதுதான் நம் தொழிலின் சங்கடம்.

கொலம்பியாவின் கலேராஸ் எரிமலை 1993 ஜனவரி 14 அன்று வெடித்தபோது ஆறு அறிவியலாளர்களும் மூன்று சுற்றுலாப் பயணிகளும் இறந்தார்கள். அதற்கு முந்தைய நாட்களில் நிலநடுக்கமானிகள் பதிந்தவை எண்ணிக்கையில் குறைவான, சிறிய அதிர்வுகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரே அதிர்வெண்ணில் மணியோசை போல எழுந்து, மெல்ல மெல்ல அடங்கியது. வரைபடத்தில் பார்த்தால் மர ஆணித் திருகின் வடிவம். ஸ்பானிய மொழியில் ‘டோர்னிலோ’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அனுபவம் குறைந்த ஒருவர் அதைப் பார்த்து, ‘சென்சார் எங்கோ தளர்ந்து ஆடுகிறது’ என்று குறித்து வைப்பது மிக எளிது. அந்த எளிமைக்கு நான் இன்றும் அஞ்சுகிறேன். அதனால்தான் கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியிலும், ‘இது பூமியாக இருக்கலாமா?’ என்ற கேள்வியை முதலில் வைத்துவிட்டு, பிறகே கருவியின் பக்கம் வருகிறேன்.

தொடுவதற்கு முன்

எந்த அறிகுறியானாலும் அலுவலகத்தில் இருந்தபடியே மூன்றைப் பாருங்கள். அதே நேரத்தில் பக்கத்து நிலையங்கள் என்ன காட்டுகின்றன? அதே நிலையத்தில் இருக்கும் வேறு வகைக் கருவி என்ன சொல்கிறது? நிலையத்தின் உடல்நிலைப் பதிவுகளில், அதாவது பேட்டரி மின்னழுத்தம், பெட்டியின் உள்வெப்பம், ஜிபிஎஸ் பூட்டு (செயற்கைக்கோள் நேரத்தோடு கடிகாரம் இணைந்திருப்பது), சென்சாருக்குள் தொங்கும் நிறையின் நிலை ஆகியவற்றில், எது எப்போது மாறியது? கோளாறு தொடங்கிய நிமிடத்தை முதலில் கண்டுபிடியுங்கள். காரணத்தைத் தேடும் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

மூலப் பதிவை வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளாமல் எதையும் அணைத்து இயக்க வேண்டாம். பதிவைச் சேமிக்கும் டேட்டா லாகர்கள் பலவற்றில் மறுதொடக்கம் செய்தவுடன் இடைச்சேமிப்பில் இருப்பது போய்விடும். கோளாறு என்று நினைத்தது நிகழ்வாக இருந்தால், அதன் ஒரே சாட்சியை நம் கையாலேயே அழித்துவிட்டோம் என்று பொருள்.

எரிமலையின் எச்சரிக்கை நிலை உயர்ந்திருக்கும்போது, பனிச்சரிவு அபாயம் மிகுந்திருக்கும்போது, பழுது பார்க்க மேலே போகாதீர்கள். இதற்கு விதிவிலக்கு இல்லை. இருக்கும் நிலையங்களை வைத்துச் சமாளியுங்கள்.

கோடு நேராகிவிட்டது

‘சேனல் செத்துவிட்டது’ என்று எல்லோரும் ஒரே சொல்லில் சொல்வார்கள். ஆனால் நேர்க்கோட்டில் நான்கு வகை உண்டு, நான்குக்கும் மருந்து வேறு.

தரவே வராமல், திரை கடைசி மதிப்பை நீட்டிக்கொண்டிருப்பது முதல் வகை. இது தகவல் தொடர்புக் கோளாறு; சென்சாரைத் தொட வேண்டியதில்லை. மதிப்பு சரியாகப் பூஜ்ஜியமாக, ஒரு எண் கூட அசையாமல் வந்தால், பெரும்பாலும் சென்சாரின் மின்குறியை எண்களாக மாற்றும் டிஜிட்டைசரில் அந்தச் சேனல் அணைக்கப்பட்டிருக்கிறது அல்லது மென்பொருளில் தவறாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. மூன்றாவது வகையில் கோட்டைப் பெரிதாக்கினால் சில எண்கள் அளவுக்கு மெல்லிய நடுக்கம் தெரியும். அது டிஜிட்டைசரின் சொந்த இரைச்சல். சென்சாரின் இணைப்பு அறுந்துவிட்டது, கேபிளையும் கனெக்டரையும் பாருங்கள். நான்காவது வகையில் கோடு உச்ச மதிப்பில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். 24 பிட் டிஜிட்டைசர் என்றால் அந்த எண் 83 லட்சத்து 88 ஆயிரத்துச் சொச்சம். சென்சாருக்குள் தொங்கும் நிறை ஒரு பக்கம் சாய்ந்து முட்டி நிற்கிறது, அல்லது கேபிளில் நீர் இறங்கி மின்கசிவு உண்டாகியிருக்கிறது.

மிக மெதுவான அசைவு முதல் வேகமான அதிர்வு வரை பதியும் அகலப்பட்டை நிலநடுக்கமானி உயிரோடு இருக்கிறதா என்று அறிய எனக்குப் பிடித்த சோதனைக்குச் செலவே இல்லை. கடலலைகள் ஒன்றோடொன்று மோதுவதால் உலகின் எந்த மூலையிலும் நிலம் 5 முதல் 10 விநாடி அலைவு நேரத்தில் ஓயாமல் மெல்ல ஏறி இறங்குகிறது. கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் அது தெரியும். ஒரு மணி நேரப் பதிவை எடுத்து, அந்தப் பட்டையை மட்டும் வடிகட்டி, பக்கத்து நிலையத்தின் பதிவோடு ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். இரண்டும் சேர்ந்து அசைந்தால் சென்சார் வேலை செய்கிறது. அளவு மட்டும் மாறுபட்டால் உணர்திறன் எண்ணைத் தவறாகப் பதிவு செய்திருக்கிறோம். தலைகீழாக அசைந்தால் முனைகள் மாறியிருக்கின்றன. வேகமான அதிர்வுகளை மட்டும் கேட்கும் சிறிய சென்சாரான 4.5 ஹெர்ட்ஸ் ஜியோஃபோனுக்கு இந்தச் சோதனை செல்லாது. அவ்வளவு மெதுவான அசைவு அதன் காதில் விழாது.

நிறை சாய்ந்திருப்பதை உடல்நிலைப் பதிவே காட்டிவிடும். தொலைவிலிருந்தே நடுநிலைக்குக் கொண்டுவரும் கட்டளையை அனுப்பலாம். ஆனால் அதைச் செய்யும்போது பதிவில் பெரிய துள்ளல் விழும், அடங்கச் சில நிமிடங்கள் ஆகும். நிலநடுக்கத் தொகுதி ஓடிக்கொண்டிருக்கும் வேளையில் அதைச் செய்யாதீர்கள். செய்த நேரத்தை எழுதி வையுங்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டு அதை யாரோ ஒருவர் நிகழ்வாகப் பட்டியலிடுவார். வாரம் ஒரு முறை நடுநிலைப்படுத்த வேண்டியிருந்தால், சென்சார் நிற்கும் தளமே சாய்ந்துகொண்டிருக்கிறது. எரிமலையில் அதுவே ஒரு செய்தியாகவும் இருக்கலாம்.

புதியவர்கள் அதிகம் குழம்பும் ஓர் இடத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல அகலப்பட்டைச் சென்சார்களுக்குள் கிழக்கு, வடக்கு, செங்குத்து என்று தனித்தனி அச்சுகள் இல்லை. சாய்வாக நிற்கும், ஒரே மாதிரியான மூன்று அச்சுகள் இருக்கின்றன. நாம் பார்க்கும் மூன்று சேனல்களும் அவற்றைக் கூட்டிக் கழித்து உருவானவை. எனவே உள்ளே ஒரே ஓர் அச்சு பழுதானாலும் வெளியே இரண்டு அல்லது மூன்று சேனல்கள் சேர்ந்து கெடும். ‘ஒரே நாளில் மூன்றும் போய்விட்டன, டிஜிட்டைசர்தான் காரணம்’ என்று முடிவு கட்டி, நல்ல டிஜிட்டைசரைக் கழற்றிக்கொண்டு மலையிறங்கியவர்களை எனக்குத் தெரியும். சென்சாரை அதன் உள் அச்சுகளையே நேரடியாக வெளியிடும் நிலைக்கு மாற்றிப் பாருங்கள். பழுதான அச்சு உடனே தனியே தெரியும்.

விடியும் முன் நின்று, வெயில் ஏறியதும் எழுகிறது

இது பேட்டரி. அதிகம் யோசிக்கத் தேவையில்லை. 12 வோல்ட் ஈய அமில பேட்டரி முழுதாக நிரம்பி ஓய்வில் இருக்கும்போது சுமார் 12.7 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கு வந்துவிட்டால் மிச்சம் கால்வாசி அளவுதான். மின்னழுத்தப் பதிவை ஒரு மாதத்துக்கு வரைந்து பாருங்கள். பகல் உச்சமும் நாளுக்கு நாள் தாழ்ந்தால் சோலார் பேனலில் சாம்பலோ பனியோ படிந்திருக்கிறது. பகல் உச்சம் நன்றாக இருந்து இரவில் மட்டும் சரிந்தால் பேட்டரி முதுமை அடைந்துவிட்டது, அல்லது கடுங்குளிரில் அதன் கொள்ளளவு சுருங்கியிருக்கிறது.

சாம்பலைத் துணியால் துடைக்காதீர்கள். எரிமலைச் சாம்பல் நுண்ணிய கண்ணாடித் தூள், பேனல் கீறிவிடும். நீரூற்றிக் கழுவுங்கள். பேனலைச் செங்குத்துக்கு நெருக்கமாக நிறுத்தினால் பனியும் சாம்பலும் தானாகச் சரிந்து விழும். வெயிலில் கொஞ்சம் இழந்தாலும் ஆண்டுக் கணக்கில் அது லாபமே.

நிலநடுக்கத்தின் இடம் மெல்லத் தள்ளிப் போகிறது

இந்த அறிகுறிதான் மிக மோசமானது, ஏனென்றால் திரையில் எல்லாம் நலமாகத் தெரியும். அலைவடிவம் அழகாக வரும், இடைவெளி இருக்காது. ஆனால் ஒரு நிலையத்தின் கடிகாரம் நழுவிக்கொண்டிருக்கும். ஜிபிஎஸ் பூட்டு இழந்த ஒரு சாதாரணப் படிகக் கடிகாரம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழையோடு ஓடினால், ஒரு நாளில் 86 மில்லி விநாடி தவறும். நிலநடுக்கத்திலிருந்து முதலில் வந்து சேரும் பி அலை புவி மேலோட்டில் விநாடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆக அந்த ஒரு நாளின் பிழை அரைக் கிலோமீட்டர். பத்து நாள் கழித்து ஐந்து கிலோமீட்டர். எரிமலைக்கு அடியில் நிலநடுக்கங்கள் இடம் பெயர்வதை மாக்மா நகர்வதற்கான சான்றாக வாசிக்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த வாசிப்பில் பொய்யான ஐந்து கிலோமீட்டர் நுழைந்தால் விளைவு சிறியதாக இருக்காது.

கண்டுபிடிக்கும் வழி இது. ஒவ்வொரு நிலையத்துக்கும், கணித்த வருகை நேரத்துக்கும் பதிவான நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டை நாள்வாரியாக வரையுங்கள். நிலத்தின் தன்மையால் வரும் வேறுபாடு ஒரு நிலையத்துக்கு ஏறக்குறைய மாறாமல் நிற்கும். கடிகாரப் பிழை நாளோடு சாய்ந்து ஏறும் அல்லது இறங்கும். பூட்டு மீண்டும் கிடைத்ததும் சட்டென்று பூஜ்ஜியத்துக்குத் தாவும். அந்த ரம்பப் பல் வடிவத்தைக் கண்டால் வேறு சான்று வேண்டாம். மேலே போய் ஆன்டெனாவைப் பாருங்கள். பெரும்பாலும் கனெக்டருக்குள் நீர், அல்லது வளர்ந்துவிட்ட மரக்கிளை.

பிழை முழு விநாடிகளாக இருந்தால் கதை வேறு. ஜிபிஎஸ் நேரம் 2017 ஜனவரி 1 முதல் ஒருங்கிணைந்த உலக நேரத்தைவிட 18 விநாடி முன்னே இருக்கிறது. அந்த வேறுபாட்டைச் சொல்லும் செய்தி, செயற்கைக்கோள் ஒளிபரப்பில் 12.5 நிமிடத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. அணைந்து கிடந்த ஜிபிஎஸ் ஏற்பி எழுந்தால், அந்தச் செய்தி கிடைக்கும் வரை பழைய எண்ணை வைத்துக்கொண்டே ‘பூட்டிவிட்டேன்’ என்று சொல்லக்கூடும். மின்சாரம் வந்த முதல் கால் மணி நேரப் பதிவை நான் நம்புவதில்லை.

பிழை 1024 வாரமாக இருந்தால், அதாவது தேதி ஏறக்குறைய இருபது ஆண்டு பின்னால் போயிருந்தால், ஏற்பியின் உள்மென்பொருள் (ஃபர்ம்வேர்) பழையது. ஜிபிஎஸ் வார எண் 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில் மீண்டும் பூஜ்ஜியத்துக்கு வந்தது. அதற்குத் தயாராகாத ஏற்பிகள் அன்று தடுமாறின. புதுப்பிக்க வழியில்லையென்றால் மாற்றுவதைத் தவிர வேறு தீர்வு கிடையாது.

ஓயாத நடுக்கம்: மலையா, காற்றா, ஹெலிகாப்டரா?

எரிமலையில் தொடர் நடுக்கம் தெரிந்தால் கண்காணிப்பு அறையில் மூச்சு நின்றுவிடும். மாக்மாவும் வாயுவும் வெந்நீரும் நகர்வதால் எழும் நடுக்கம் பெரும்பாலும் 1 முதல் 5 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். நிலையம் எரிமலை வாயின் கிண்ணத்தை விட்டு விலக விலக அதன் வீச்சு ஒழுங்காகக் குறையும். இந்த இரண்டாவது பண்பே முக்கியம். ஒரே நிலையத்தில் மட்டும் நடுக்கம் பலமாக இருந்து, அதைவிடக் கிண்ணத்துக்கு நெருங்கிய நிலையம் அமைதியாக இருந்தால், மூலம் மலைக்குள் இல்லை. அந்த நிலையத்தின் பக்கத்தில் இருக்கிறது.

காற்று எல்லா அதிர்வெண்களையும் அகலமாகத் தூக்கும், காற்று வேகமானியின் பதிவோடு ஏறி இறங்கும். ஆறும் பனிப்பாறை உருகுநீரும் பிற்பகலில் பெருகி விடியற்காலையில் அடங்கும். மின் இயந்திரங்கள் 50 அல்லது 60 ஹெர்ட்ஸிலும் அவற்றின் பகுதிகளிலும் கூர்மையான, அசையாத கோடுகளாக நிற்கும். மனிதர்களின் நடமாட்டம் வாரத்தின் ஏழு நாளையும் பதிவில் எழுதிவிடும். 2020 ஊரடங்கின்போது உலகின் பல நிலையங்களில் உயர் அதிர்வெண் இரைச்சல் பாதி வரை குறைந்தது. ஒரு வாரப் பதிவை ஒரே படமாக வைத்துப் பார்த்தால் இவை எல்லாம் தாமாகவே பிரிந்து நிற்கும்.

ஹெலிகாப்டர் சற்றுக் கடினம். அதன் இறக்கைச் சுழற்சி 10 ஹெர்ட்ஸுக்கு மேல் சம இடைவெளிக் கோடுகளாக விழும். அது நிலையத்தைத் தாண்டும்போது எல்லாக் கோடுகளும் ஒன்றாகக் கீழே வழுக்கும். ரயில் நம்மைக் கடக்கையில் அதன் ஊதல் ஒலி தாழ்வதைப் போல. ‘கோடுகள் வழுக்கினால் ஹெலிகாப்டர்’ என்று ஒரு விதி இதனால் பலரிடம் புழங்குகிறது. அந்த விதியை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன். அலாஸ்காவின் ரிடவுட் எரிமலை 2009 மார்ச்சில் அடுத்தடுத்து வெடித்தபோது, பல வெடிப்புகளுக்கு முன் நடுக்கத்தின் அதிர்வெண் 1 ஹெர்ட்ஸ் அருகிலிருந்து 30 ஹெர்ட்ஸ் வரை பத்து நிமிடத்துக்குள் மேலே வழுக்கியது. சின்னஞ்சிறு நிலநடுக்கங்கள் மேலும் மேலும் நெருங்கி ஒன்றாகிப் போனதே காரணம். அதன்பின் 10 முதல் 60 விநாடி அமைதி. பிறகு வெடிப்பு. எனவே திசையைப் பாருங்கள்: ஹெலிகாப்டர் கடக்கும்போது கோடு தாழும், ரிடவுட்டில் அது ஏறியது. செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலியைப் பதியும் இன்ஃப்ராசவுண்ட் மைக்ரோஃபோனில் அதே கோடுகள் இன்னும் பலமாகத் தெரிந்தால் மூலம் வானத்தில். நிலத்தில் மட்டும் தெரிந்தால், சரிபார்க்கும் வரை அது மலை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தாக்கை ஒட்டிய நிலையங்களில் மட்டும், மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாக இரைச்சல் ஏறினால், இங்கே படிப்பதை நிறுத்திவிட்டு எச்சரிக்கை விடுப்பவரை அழையுங்கள். அது சேற்றுப் பெருக்கு. கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை 1985 நவம்பர் 13 இரவு வெடித்தபோது, பனியை உருக்கிக் கிளம்பிய சேறு அர்மேரோ நகரத்தை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. ஏறக்குறைய 23,000 பேர் இறந்தார்கள். அந்த இரண்டு மணி நேரம் என்னை விட்டு அகலுவதே இல்லை. சேற்றுப் பெருக்கைப் பிடிக்க 10 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் ஜியோஃபோன்கள் வைக்கப்படுகின்றன. அவை அடிக்கடி பொய் எச்சரிக்கை தந்தால் எல்லை அளவை உயர்த்தி வாயடைக்காதீர்கள். எத்தனை நிமிடம் தொடர்ந்தால் எச்சரிக்கை என்ற கால நிபந்தனையைச் சேருங்கள். நடைபாதையில் போகும் விலங்கு சில விநாடியில் கடந்துவிடும், சேறு கடக்காது.

பனிச்சரிவு நடந்தது, இன்ஃப்ராசவுண்ட் அணி சொல்லவில்லை

பனிச்சரிவு செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலியை, பெரும்பாலும் 1 முதல் 10 ஹெர்ட்ஸுக்குள், எழுப்புகிறது. காற்றழுத்தத்தின் சிறு மாற்றத்தை அளக்கும் நான்கைந்து அழுத்தமானிகளைச் சில நூறு மீட்டர் பரப்புக்குள் ஓர் அணியாக வைத்து, ஒலி எதை முதலில் தொட்டது என்பதிலிருந்து திசையைக் கணிக்கிறோம்.

முதலில் ஒரு நியாயமான கேள்வி: அது கேட்கக்கூடிய சரிவுதானா? தூள்பனிச் சரிவு காற்றைப் பலமாகத் தள்ளுவதால் நன்றாகக் கேட்கும். வசந்த காலத்து ஈரப்பனி மெதுவாக ஊர்ந்து இறங்கும். அதன் ஒலி காற்றில் மங்கலாகவும் அதிர்வு நிலத்தில் தெளிவாகவும் இருக்கும். அதைத் தவறவிட்டால் கருவி கெட்டதாகப் பொருளில்லை. அங்கே ஜியோஃபோன் வேண்டும்.

அடுத்து, அழுத்தமானி உயிரோடு இருக்கிறதா? நிலத்தைப் போலவே காற்றிலும் கடலின் முணுமுணுப்பு உண்டு, சுமார் 5 விநாடி அலைவு நேரத்தில். காற்றில்லாத இரவில் எல்லா அழுத்தமானிகளிலும் அது ஒத்துத் தெரிய வேண்டும். ஒன்றில் மட்டும் மங்கினால் அதன் குழாயில் நீர் புகுந்து உறைந்திருக்கிறது. காற்றிரைச்சலைக் குறைக்கப் போட்ட துளைக் குழாய்களே இந்தக் கோளாற்றின் தாய்வீடு. தாழ்வான பகுதியில் குழாயைத் தொய்ய விடாமல், நீர் வடியும்படி சரிவாகப் போடுங்கள்.

எல்லாச் சத்தமும் ஒரே திசையிலிருந்து வருவதாக அணி சொன்னால், அந்தத் திசையில் அணைக்கட்டோ அருவியோ காற்றாலையோ இருக்கிறதா பாருங்கள். எதுவும் இல்லையென்றால் ஒரு சேனலின் இணைப்பு இடம் மாறியிருக்கலாம். ஒலி 0 டிகிரி வெப்பத்தில் விநாடிக்கு 331 மீட்டர் ஓடுகிறது; 100 மீட்டருக்கு 0.3 விநாடி. அணி கணிக்கும் வேகம் இதற்குக் கணிசமாகக் குறைவாக வந்தால், இயற்கையில் அப்படி ஒரு ஒலி கிடையாது. இணைப்பையோ, பதிவில் உள்ள இட ஆயங்களையோ திருத்த வேண்டும். மிக அதிகமாக வந்தால் ஒலி மேலிருந்து வருகிறது, விமானமாக இருக்கலாம். உண்மையான பனிச்சரிவில் திசை, சரிவுப் பாதையை ஒட்டிச் சில பத்து விநாடிகளில் நகரும். நிலையான மூலம் நகராது. விமானம் நகரும், ஆனால் பாதையை மதிக்காது.

2022 ஜனவரி 15 அன்று ஹுங்கா டோங்கா எரிமலை வெடித்தபோது உலகெங்கும் உள்ள அழுத்தமானிகளில் ஒரு மேடு விழுந்தது. அந்த அலை பூமியைப் பல முறை சுற்றியது. எல்லா நிலையங்களிலும், தொலைவுக்கேற்ற நேர இடைவெளியில் ஒரே வடிவம் வந்தால், அது கோளாறாக இருக்க வழியே இல்லை.

திடீர்க் குத்துகள்

ஒரே ஒரு மதிப்பு மட்டும் தாவித் திரும்பினால் மின்சாரம்: தரை இணைப்பு, இடி, ரேடியோ அனுப்பும் கணம். குத்தின் இடைவெளி ஒரே சீராக இருந்தால் கடிகாரத்தை எடுத்து அளந்து பாருங்கள். டேட்டா லாகர் வட்டில் எழுதும் நேரத்தோடோ ஜிபிஎஸ் விழிக்கும் நேரத்தோடோ பொருந்தும். செங்குத்தாக எழுந்து நிமிடக் கணக்கில் வளைந்து அடங்கினால் அது சென்சாருக்குள் ஏதோ விசை விடுபடுவது. புதிதாக நிறுவிய சென்சாரில் சில வாரங்கள் வந்து குறையும். குறையாமல் கூடினால் சென்சாரை மாற்றுங்கள்.

சாய்வுமானி தினமும் அலைகிறது

சாய்வை மைக்ரோரேடியனில் அளக்கிறோம். ஒரு கிலோமீட்டர் நீளக் கம்பியின் ஒரு முனையை ஒரு மில்லிமீட்டர் தூக்கினால் வரும் சாய்வுதான் ஒரு மைக்ரோரேடியன். இவ்வளவு நுண்ணிய கருவி வெயிலையும் மழையையும் நிலாவையும் உணராமல் இருக்காது. 24 மணி நேர அலை வெப்பநிலையோடு சேர்ந்து ஓடினால் கருவி போதிய ஆழத்தில் இல்லை. மழைக்குப் பின் சரிந்து, பல நாளில் மெல்லத் திரும்பினால் மண்ணில் ஈரம் ஏறியிருக்கிறது. சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை எழும் மிகச் சிறிய அலை, நிலாவின் ஈர்ப்பால் நிலமே ஏறி இறங்குவது; அது தெரிந்தால் மகிழுங்கள், உங்கள் கருவி நன்றாக இருக்கிறது.

இவை எதற்கும் பொருந்தாமல், பல மணி நேரமோ ஓரிரு நாளோ இறங்கி, பிறகு வேகமாக ஏறும் வளைவை ஹவாயின் கீலாவேயா எரிமலையில் அடிக்கடி காண்கிறார்கள். உச்சிக்கு அடியில் மாக்மா அழுத்தம் தளர்ந்து மீள்வதன் சுவடு அது. அதைக் ‘கருவி நழுவல்’ என்று கழித்துவிட்டால் எரிமலையின் மூச்சையே கழித்துவிடுகிறோம்.

ஜிபிஎஸ் வழி நில நகர்வை அளப்பவர்களுக்கு ஒரு வரி: குளிர்காலத்தில் மட்டும் நிலையம் சில சென்டிமீட்டர் நகர்ந்து, உருகியதும் பழைய இடத்துக்கு வந்தால், ஆன்டெனாவின் மேல் பனி உட்கார்ந்திருந்தது. ஆன்டெனாவை மாற்றிய நாளில் துள்ளினால் மாற்றியதுதான் காரணம்.

பெரிய நிலநடுக்கம், ஆனால் அளவு குறைவாக வருகிறது

ஜப்பானில் 2011 மார்ச் 11 அன்று, நடுக்கம் தொடங்கி மூன்று நிமிடத்தில் வெளியிட்ட முதல் அளவு 7.9. இறுதி அளவு 9.0. உள்நாட்டு அகலப்பட்டை நிலநடுக்கமானிகள் ஏறக்குறைய எல்லாமே எல்லை மீறிவிட்டதால், சரியான அளவை உடனே கணிக்க முடியாமல் போனது. சுனாமி உயர மதிப்பீடும் முதலில் அதனால் குறைவாகவே வெளியானது.

உங்கள் பதிவின் உச்சிகள் கத்தியால் வெட்டியது போல் தட்டையாக இருந்தால் டிஜிட்டைசர் நிரம்பிவிட்டது. உச்சி தட்டையாக இல்லாமல், கோடு நடுநிலையை விட்டு விலகி நீண்ட வாலோடு திரும்பினால் சென்சார் அதற்கு முன்பே நிரம்பிவிட்டது. இதைப் பலர் கவனிப்பதில்லை. விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்கு 1500 வோல்ட் தரும் சென்சார், 20 வோல்ட் எல்லையில், விநாடிக்கு 13 மில்லிமீட்டரிலேயே முடிந்துவிடும். பலத்த நடுக்கத்தில் நிலம் அதைவிடப் பல மடங்கு வேகமாக அசையும். மென்பொருளில் இதற்குத் தீர்வு கிடையாது. அதே குழியில், பலத்த அசைவையும் நிரம்பாமல் அளக்கும் முடுக்கமானி ஒன்றும் வைக்க வேண்டும்.

முன்னெச்சரிக்கைக்குப் பயன்படும் நிலையங்களில் தாமதத்தையும் அளந்து பாருங்கள். 512 பைட் தரவுப் பொட்டலம் நிரம்பிய பிறகுதான் அனுப்பும் அமைப்பில், நிலம் அமைதியாக இருக்கும்போது தரவு நன்றாகச் சுருங்கும். ஆகவே பொட்டலம் நிரம்பவே சில விநாடி பிடிக்கும். முதல் பி அலை வந்து சேரும் கணத்தில்தான் தாமதம் அதிகம் என்றாகிறது. குறித்த கால அளவில் பொட்டலத்தை அனுப்பும்படி அமைப்பை மாற்றுங்கள்.

பி அலைக்கு முன்னால் ஒரு சிறு நடுக்கம்

கூர்மையாகத் தொடங்கும் பி அலைக்கு முன் ஓரிரு மெல்லிய வளைவுகள் தெரிந்தால், நிலநடுக்கம் மெல்லத் தொடங்கியதற்கான அடையாளம் என்று மனம் துள்ளும். பெரும்பாலும் அது டிஜிட்டைசரின் இருபக்கச் சமச்சீர் வடிகட்டி செய்யும் வேலை. வருகைக்கு முன்பும் அது அதிர்வைப் பூசிவிடும். அதன் அதிர்வெண் மாதிரி வேகத்தின் (விநாடிக்கு எத்தனை மதிப்புகள் பதிகிறோம் என்பதன்) பாதிக்கு அருகில் இருக்கிறதா பாருங்கள். மாதிரி வேகத்தை மாற்றிப் பதிந்தால் அந்த வளைவும் தன் அதிர்வெண்ணை மாற்றிக்கொள்ளும். பூமி அப்படிச் செய்யாது.

யாரும் உணராத நிலநடுக்கம் வரைபடத்தில்

தானியங்கி அமைப்பு, தொலைதூரப் பெரிய நிலநடுக்கத்தின் அலைகளை உள்ளூர் நிகழ்வாகக் கோத்துவிடுவது வழக்கமான காரணம். பூமியின் உட்கரு வழியாக வரும் அலை எல்லா நிலையங்களையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கீழிருந்து தொடும்; அமைப்பு அதற்கு நம்ப முடியாத ஆழம் ஒன்றைச் சூட்டும். பி அலைக்குப் பின் வரும் எஸ் அலை எதையும் குறிக்காமல், ஆழம் மட்டும் விசித்திரமாக இருக்கும் நிகழ்வை மனிதக் கண் பார்க்காமல் வெளியிட வேண்டாம். தேதியையும் பாருங்கள். 2017 ஜூனில், கலிஃபோர்னியாவில் 1925இல் நடந்த சாண்டா பார்பரா நிலநடுக்கத்தின் இடத்தைத் திருத்தும்போது ஆண்டு 2025 என்று பதிவாகி, 6.8 அளவு நிலநடுக்கம் என்ற எச்சரிக்கை வெளியே போய்விட்டது.

பழுது நீக்கிய பிறகு

சென்சாரை மாற்றினால் அதன் தொடர் எண், உணர்திறன், திசை, ஆழம், மாற்றிய நிமிடம் ஆகியவற்றை அன்றே நிலையக் கோப்பில் ஏற்றுங்கள். பழைய சென்சாரின் விவரத்தை அழிக்காமல் அதற்கு முடிவுத் தேதி போடுங்கள். வடக்கைக் காட்டக் காந்த ஊசியை எரிமலைப் பாறையின் மேல் வைத்து நம்ப வேண்டாம். அந்தப் பாறையே காந்தம் ஏறியது, ஊசியை இழுக்கும். சூரியனின் நிலையை வைத்தோ, சுழல் திசைகாட்டியை வைத்தோ திசை குறியுங்கள்.

பிறகு, தொலைவில் ஒரு பெரிய நிலநடுக்கம் வரும் வரை காத்திருங்கள். பக்கத்து நிலையங்களோடு முதல் அசைவின் திசை, நீள அலைகளின் வீச்சு, வருகை நேரம் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றும் பொருந்தும் வரை அந்த நிலையத்தின் பதிவைச் சேமித்து வாருங்கள். தானியங்கிக் கணிப்பில் மட்டும் அதைச் சேர்க்காதீர்கள்.